தட்டில் மடியும் கிருமி புண்ணில் மடியுமா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவரை அவருடைய மகன் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். வலது காலின் பெருவிரலுக்கு அடியில் புண். அதே புண்ணுக்காக ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பும் அவர் எங்களிடம் வந்திருந்தார். அப்போது அது ஒரு புளியங்கொட்டையின் அளவே இருந்தது. இம்முறை கட்டைப் பிரித்தபோது துர்நாற்றம் அறை முழுவதும் பரவியது. மகன் தம் பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பால் கலவாத தேநீரின் நிறத்தில் ஒரு திரவம். மூலிகையால் செய்த நானோ வெள்ளி என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. செய்தவர் யார், அதில் வெள்ளி எவ்வளவு, செய்த நாள் எது என்ற விவரம் எதுவும் அச்சீட்டில் இல்லை.

மூன்று வாரங்களாக அதைத்தான் புண்ணில் ஊற்றி வந்திருக்கிறார்கள். நாங்கள் எழுதித் தந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். நோய்த்தொற்று அதற்குள் எலும்பை எட்டியிருந்தது. பெருவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் அகற்ற வேண்டியதாயிற்று.

குற்றம் முழுவதையும் அந்தப் புட்டியின் மேல் போட்டுவிடுவது எங்களுக்கு எளிது. ஆனால் அது உண்மையாகாது. முதன்முறை வந்தபோதே அந்த மகன் எங்களிடம் கேட்டிருந்தார்: "இலைச்சாறும் வெள்ளியும் சேர்த்து ஒரு மருந்து வந்திருக்கிறதாமே ஐயா, எந்தக் கிருமியையும் கொன்றுவிடுமாம், அதைப் போடலாமா?" அன்று வாசலில் கூட்டம் மிகுதி. "அதெல்லாம் வேண்டாம்" என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டோம். காரணம் சொல்லப்படாத மறுப்பை யார்தான் பொருட்படுத்துவார்கள்? தந்தையின் கால் பிழைக்க வேண்டும் என்ற கவலையில் இருந்த மகனுக்கு, எங்கள் இரண்டு சொற்களைவிட விற்றவர் சொன்ன இருபது சொற்கள் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை, காலம் தாழ்ந்தாலும், இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களைச் செய்வது கட்டுக்கதை அன்று. அது மெய்யான அறிவியல். நம் நாட்டு ஆய்வாளர்களுக்கு அதில் முன்வரிசையில் இடம் உண்டு. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளித் துகள்களையும் பொன் துகள்களையும் உருவாக்கிக் காட்டினர். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துத் தாவரவியல் ஆய்வாளர்கள் நம் வீட்டுக் கொல்லைகளில் தானே முளைக்கும் குப்பைமேனியின் இலையைக் கொண்டு அதையே செய்தனர். அரைமணி நேரத்தில் 20 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அத்துகள்கள் ஈ.கோலை, காலரா கிருமி ஆகிய இரண்டையும் ஆய்வகத்தில் ஒடுக்கின. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் போதுமானதாயிற்று.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்று கொண்டால், குப்பைமேனியால் பிறந்த இத்துகள்களை மூவாயிரத்துக்கு மேல் வரிசையாக வைத்தால்தான் ஒரு மயிரிழையின் அகலம் ஆகும்.

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இலையைக் கழுவி நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். அந்த வடிநீரை வெள்ளி நைட்ரேட் கரைத்த நீரில் சேர்ப்பார்கள். வெளிர்மஞ்சளாக இருந்த கலவை மெல்ல மெல்லப் பழுப்பாக மாறும். இலையில் உள்ள பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு முதலிய பொருள்கள் வெள்ளி அயனிகளுக்கு எலெக்ட்ரானை அளித்து அவற்றை உலோக வெள்ளியாக்குகின்றன. பின்பு அவையும் இலைப் புரதங்களும் துகள்களின் மேற்பரப்பில் உறைபோல் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் காக்கின்றன. அந்தப் பழுப்பு நிறம் இலையின் சாயமன்று. வெள்ளி அவ்வளவு நுண்ணியதாகும்போது அதன் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசைவதால் தோன்றும் நிறம் அது. இம்முறையில் கடுமையான வேதிப்பொருள்கள் குறைவு, செலவும் குறைவு. இதனால்தான் உலகெங்கும் கல்லூரி ஆய்வகங்கள் இதை விரும்பிச் செய்கின்றன. இதில் குறைகூற எங்களுக்கு ஒன்றுமில்லை.

வெள்ளியின் கிருமி ஒடுக்கும் குணமும் புதிதன்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, 1880 முதல் பிறந்த குழந்தைகளின் கண்களில் 2 விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளியாக விட்டார். அதுவரை அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த கண்ணழற்சி, ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. பார்வையிழக்க இருந்த எத்தனையோ குழந்தைகள் அதனால் காக்கப்பட்டனர். 1960-களில் தீக்காயங்களுக்கு வெள்ளி நைட்ரேட் நனைத்த கட்டுகள் வந்தன. 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பை அறிமுகப்படுத்தினார். தீக்காயப் பிரிவில் உறவினரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த வெண்ணிறக் களிம்பை அறிந்திருப்பார்கள். 1990-களின் இறுதியில் நானோ அளவுப் படிகங்களாக வெள்ளி படிந்த கட்டுத்துணிகளும் விற்பனைக்கு வந்தன. எனவே வெள்ளி மருத்துவத்துக்கு அயலானது என்று எவரும் சொல்ல முடியாது. (குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எங்களிடம் கேட்ட பாட்டிமார் உண்டு. பாலாடையிலிருந்து கசியும் வெள்ளியை மருந்தாக எண்ண வேண்டாம்; அதை நன்றாகக் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுப்பதே குழந்தைக்குக் காப்பு.)

அப்படியானால் எங்கள் தயக்கம் எதில்? கிருமி மடிவது ஓரிடத்தில், புண் ஆறுவது வேறோரிடத்தில் என்பதில்தான்.

ஆய்வகத்தில் நடப்பதைச் சிறிது கற்பனை செய்து பாருங்கள். தட்டையான கண்ணாடித் தட்டில் கூழ்போன்ற ஊடகத்தைப் பரப்பி, அதன்மேல் ஒரே இனக் கிருமியைத் தடவுகிறார்கள். நடுவில் ஒரு சிறு குழியில் வெள்ளித் துகள்கள் கலந்த நீரை விடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் அந்தக் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து கட்டுரையில் எழுதுகிறார்கள். விற்பவர் கைப்பேசியில் காட்டும் படம் பெரும்பாலும் அந்த வட்டத்தின் படமே. படம் பொய்யன்று. ஆனால் அத்தட்டில் இரத்தம் இல்லை, சீழ் இல்லை, செத்த தசை இல்லை, சர்க்கரை இல்லை. ஆற வேண்டிய தோலும் இல்லை. சலவைக்காரம்கூட அதே வட்டத்தைத் தரும். அதற்காக அதைப் புண்ணில் தூவுவோமா?

புண்ணில் வெள்ளி சந்திக்கும் நிலை வேறு. வெள்ளி கிருமியைக் கொல்வது பெரும்பாலும் துகளிலிருந்து கரைந்து வெளிவரும் அயனிகளால்தான். அந்த அயனிகள் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன, மேலுறையைச் சிதைக்கின்றன. ஆனால் கந்தகம் உள்ள புரதம் கிருமியிடம் மட்டுமா இருக்கிறது? சீழிலும் இரத்த நீரிலும் அது ஏராளம். அங்குள்ள குளோரைடு வேறு வெள்ளியைக் கரையாத வீழ்படிவாக்கிவிடும். ஆகவே ஊற்றிய வெள்ளியில் ஒரு பகுதி கிருமியை எட்டும் முன்பே சிறைப்பட்டுவிடுகிறது. மேலும், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் காட்டியதுபோல், ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெள்ளித் துகள்கள் அயனிகளை வெளியிடுவதில்லை; கிருமிகளைக் கொல்வதும் இல்லை. இரத்த ஓட்டம் குன்றிய சர்க்கரை நோயாளியின் பாதத்தில், ஆழ்ந்த புண்ணின் அடியில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. நாட்பட்ட புண்ணில் கிருமிகள் தனித்தனியே திரிவதில்லை. பல இனங்கள் ஒன்றுகூடி, தாமே சுரந்த பிசின் போர்வைக்குள் குடியிருக்கின்றன. குளத்துப் படிக்கட்டில் பாசி படிந்திருப்பதை நினைத்துக்கொள்ளலாம். மேலே நீரை ஊற்றினால் பாசி போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கட்டு மாற்றும்போது எங்கள் செவிலியர் செத்த தசையைச் சுரண்டி நீக்குவது இதற்காகத்தான். அந்த வலியும் சிறு இரத்தக் கசிவும் கண்டு வீட்டார் அஞ்சுகிறார்கள். புட்டியிலிருந்து வலியின்றி ஊற்றுவது அதைவிட மேலானதாகத் தோன்றுகிறது. எங்கள் விவசாயி வீட்டிலும் அதுதான் நடந்தது. மேற்புறம் உலர்ந்து கருத்தது. நல்ல முன்னேற்றம் என்று அவர்கள் நினைத்தார்கள். உள்ளே நடந்தது தெரியவில்லை. சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மங்கியிருந்ததால், வலியும் வந்து எச்சரிக்கவில்லை.

வெள்ளி கிருமிக்கு மட்டும் பகை என்று எண்ணுவதும் பிழை. புண்ணை மூட வளர்ந்துவரும் புதிய தோல் செல்களையும் அது தாக்கும். அளவு மிகுந்தால் புண் ஆறுவது தாமதமாகும். தீக்காயங்களில் வெள்ளி சல்ஃபாடயசினைப் புதுவகைக் கட்டுத்துணிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அந்தக் களிம்பு இட்ட காயங்கள் பல ஒப்பீடுகளில் தாமதமாகவே ஆறின என்று கண்டனர். நாங்கள் பல ஆண்டுகள் கேள்வியின்றிக் கைக்கொண்ட மருந்து அது. நமக்குப் பழகியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்ற பாடத்தை முதலில் கற்க வேண்டியவர்கள் நாங்களே.

நோயாளிகளிடம் வெள்ளியைச் சோதித்தபோது கிடைத்த முடிவுகள் ஒரே திசையில் இல்லை. செயற்கைச் சுவாசம் தேவைப்படுவோரின் மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாய்க்கு வெள்ளி பூசிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. சாதாரணக் குழாய் வைத்தவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கு வந்த நிமோனியா, வெள்ளிக் குழாய் வைத்தவர்களில் 4.8 விழுக்காட்டினருக்கே வந்தது. ஆயினும் இறப்பு விகிதம் குறையவில்லை. சிறுநீர்க் குழாய்க்கு வெள்ளிக் கலவை பூசிப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில் 7,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 2012-இல் வெளியான அதன் முடிவு, வெள்ளிக் குழாயால் சிறுநீர்த் தொற்று குறையவில்லை என்பது: 12.6 விழுக்காட்டுக்கு 12.5. காலில் நாளப் புண் உள்ள 213 பேரிடம் வெள்ளிக் கட்டையும் சாதாரணக் கட்டையும் ஒப்பிட்ட மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரங்களில் ஆறிய புண்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை, செலவு மட்டும் கூடியது. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான பன்னாட்டு வல்லுநர் குழுவின் வழிகாட்டுதலோ, பாதப்புண்ணின் தொற்றுக்கு வெள்ளி மருந்துகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறுகிறது.

மேற்சொன்னவை அனைத்தும் தொழிற்சாலையில் அளவறிந்து செய்த வெள்ளி. அளவறிந்த வெள்ளியே இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்றால், அளவே அறியாத புட்டியைப் பற்றி என்ன சொல்வது?

"இது மூலிகை ஆயிற்றே, கெடுதல் செய்யாதே" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல். இலைச்சாறு வெள்ளியைத் துகளாக்க உதவுகிறது. துகளான பின்னும் அது வெள்ளியே. வேப்பிலை சேர்ந்ததால் அதன் உலோக இயல்பு மாறிவிடாது. வினை முழுமையாக நிகழாவிட்டால் வெள்ளி நைட்ரேட்டே நீரில் எஞ்சியிருக்கும்; அது தோலைக் கருக்கும், செறிவு மிகுந்தால் அரிக்கும். எங்கள் விவசாயியின் புண்ணைச் சுற்றிப் படிந்திருந்த கருமை ஆறுவதன் அடையாளம் என்று நினைத்தார்களே, அது பெரும்பாலும் வெள்ளிக் கறை. இலையும் எல்லாருக்கும் ஒன்றுபோல் நல்லது என்று சொல்வதற்கில்லை. சொறிக்கும் சிரங்குக்கும் நம் பாட்டிமார் அரைத்துப் பூசிய அதே குப்பைமேனியை இலங்கையில் கீரையாகச் சமைத்து உண்டபோது, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சித்த மருத்துவத்தில் வெள்ளி பற்பம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அதுவும் இந்தப் புட்டியும் ஒன்றல்ல. முறைப்படி பயின்று பதிவுபெற்ற சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்துத் தருவது வேறு. கைப்பேசி விளம்பரத்தைக் கண்டு வரவழைப்பது வேறு. முன்னதை உட்கொள்பவர்களும் எங்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகச் சோதனையின் முடிவைப் படிக்கும்போது எங்களுக்கு அது தேவைப்படும்.

புண்ணில் ஊற்றுவதைவிட எங்களை அச்சுறுத்துவது, அதே திரவத்தை நோய் எதிர்ப்புக்காகக் குடிப்பது. உடலில் சேரும் வெள்ளி தோலில் படிந்து, முகமும் கைகளும் சாம்பல் கலந்த நீலமாக மாறிவிடும். இதற்கு ஆர்கைரியா என்று பெயர். மருந்தை நிறுத்தினாலும் அந்த நிறம் தானாகப் போகாது. கூழ்ம வெள்ளியை உட்கொள்வதோ பூசுவதோ எந்த நோய்க்கும் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று ஏற்கப்படவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-இலேயே விதி செய்தது. இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு குடிநீர் தூய்மைப்படுத்தும் ஒரு பொருளை உருவாக்கி, 2013-இல் அதை விளக்கி எழுதினர். அதிலிருந்து நீரில் கசியும் வெள்ளி நூறு கோடியில் ஏறக்குறைய 40 பங்கு. உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் 100 பங்குக்கு அது கீழே. கிருமியைக் கொல்ல எவ்வளவு வேண்டும், மனிதருக்கு எவ்வளவு வரை தாங்கும் என்ற இரண்டையும் அளந்து, இடைப்பட்ட குறுகிய வழியில் நடந்திருக்கிறார்கள். வெள்ளியைப் பயன்படுத்துவது என்றால் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஆய்வுகளே வேண்டாம் என்று நாங்கள் கருதுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. நாங்களே அவற்றை எதிர்பார்த்திருப்பவர்கள். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் நேரடியாக உண்டாக்கிய இறப்புகள் 2019-இல் மட்டும் உலகில் 12.7 இலட்சம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. எண்ணாகப் படிக்கும்போது அது மனத்தில் தங்காது. கல்ச்சர் சோதனை முடிவுத் தாளில் மேலிருந்து கீழ்வரை எல்லா மருந்துகளுக்கும் எதிரே "எதிர்ப்பு" என்று அச்சாகி வரும்போது, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் மனைவியிடம் என்ன சொல்வது என்று நாங்கள் நின்றிருக்கிறோம். இந்தச் சிக்கலைக் குறித்து இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி 2012-இல் சென்னை அறிக்கை என்ற செயல்திட்டத்தை வெளியிட்டன. மருந்துச் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. எழுதித் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும், நிறுத்தியதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து விழுங்குவதும் நம் வீடுகளில் இன்றும் ஓயவில்லை.

பழைய மருந்துகளை எதிர்க்கக் கற்ற கிருமி வெள்ளியை எதிர்க்கக் கற்காது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1975-இலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தீக்காயப் பிரிவு ஒன்றில், வெள்ளி நைட்ரேட்டையும் வேறு மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கும் சால்மோனெல்லா கிருமி பரவி மூன்று நோயாளிகள் இறந்ததும், அப்பிரிவையே மூட நேர்ந்ததும் பதிவாகியுள்ளன. 2018-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். வெள்ளி நானோ துகள்களைத் தொடர்ந்து சந்தித்த ஈ.கோலையும் சூடோமோனாஸும் ஃபிளஜெலின் என்ற ஒட்டும் புரதத்தைச் சுரந்து, துகள்களைத் திரட்டிக் கட்டியாக்கிவிட்டன. திரண்ட துகளுக்குக் கொல்லும் வலிமை போய்விட்டது. அந்தச் சுரப்பை அடக்கி வெள்ளிக்கு வலிமையை மீட்டுத் தந்தது எது தெரியுமா? மாதுளம்பழத் தோலின் சாறு! தாவரத்துக்கு இதில் உண்மையான வேலை உண்டு என்று நாங்கள் நம்புவது இத்தகைய ஆய்வுகளைக் கண்டுதான். ஆனால் அதுவும் ஆய்வகத்தில்தான் நடந்தது. மாதுளைத் தோலை அரைத்துப் புண்ணில் வைக்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

ஆய்வாளர்களிடம் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர்களுள் சிலர் எங்கள் நோயாளிகளின் பிள்ளைகளாகவும் இருப்பதால் இதழிலேயே சொல்கிறோம். ஒருவர் துளசியில் செய்கிறார், அடுத்தவர் நொச்சியில், மற்றொருவர் ஆவாரையில். இலை மாறுகிறது, தட்டும் வட்டமும் மாறுவதில்லை. ஒரே செடியின் இலையிலும் மழைக்காலத்துச் சாறும் கோடைக்காலத்துச் சாறும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் துகளின் அளவும் மாறுகிறது, வலிமையும் மாறுகிறது. ஓர் இலையைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் துகள் கிடைக்கும் வழியைக் கண்டு, விலங்குகளிலும் பிறகு நெறிக்குழுவின் ஒப்புதலோடு நோயாளிகளிலும் படிப்படியாகச் சோதிப்பது நெடும்பாதை. ஆண்டுகள் பிடிக்கும், பணம் பிடிக்கும், பட்டத்துக்குரிய மூன்று ஆண்டில் முடியாது. ஆயினும் நூறாவது இலையைவிட அந்தப் பாதையில் எடுத்துவைக்கும் பத்தாவது அடியே எங்கள் கட்டு அறைக்குப் பயன்படும். இதில் பழி முழுவதும் அவர்களுடையதன்று. புண் எப்படி இருக்கும், சீழில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குக் காட்ட எங்களைப் போன்றவர்கள் எத்தனை முறை முன்வந்தோம்?

நோயாளிகளும் வீட்டாரும் கவனிக்க வேண்டியது இதைவிட எளியது. எவரேனும் ஒரு புதிய மருந்தைக் காட்டி இது கிருமியைக் கொல்லும் என்றால், எங்கே கொன்றது என்று கேளுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேரில், எதனோடு ஒப்பிட்டு? வெள்ளி எவ்வளவு என்று புட்டியில் எழுதியிருக்கிறதா, தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். விடை வராவிட்டால் பணத்தையும் காலையும் காத்துக்கொள்ளுங்கள். சில புண்களுக்கு வெள்ளி கலந்த கட்டையோ களிம்பையோ நாங்களே எழுதித் தருவதுண்டு. அது குறிப்பிட்ட நாட்களுக்கு, குறிப்பிட்ட காரணத்துக்கு. அந்த நாட்கள் முடிந்ததும் நிறுத்திவிடுவோம். அதையே மிச்சம் வைத்து அடுத்த புண்ணுக்குப் போடாதீர்கள்.

பாதத்தில் புண் உள்ளவர்களுக்கு இன்று உறுதியாகப் பயன்தரும் என்று நாங்கள் அறிந்தவை கவர்ச்சியற்றவை: சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புண்ணின்மேல் உடல் எடை விழாதபடி செருப்பையோ கட்டையோ அமைப்பது, செத்த தசையை நீக்குவது, காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்துத் தேவையானால் சீராக்குவது, தொற்று இருந்தால் சொன்ன நாட்கள் முழுவதும் நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொள்வது. மாத்திரை வயிற்றைப் புரட்டினால் நிறுத்தாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவோம். எங்கள் விவசாயி ஐந்தாம் நாளில் மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் புட்டியின்மேல் இருந்த நம்பிக்கை மட்டுமன்று, வாந்தி எடுத்திருக்கிறார். அதைச் சொல்ல மீண்டும் ஒரு முறை பேருந்து ஏறி வந்து வரிசையில் நிற்க வேண்டுமே என்று இருந்துவிட்டார். இந்த விவரம் அறுவைக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் இப்போது மிதிப்பெட்டி பொருத்திய செருப்போடு நடக்கிறார். புண் முழுவதும் மூடிவிட்டது. சென்ற மாதம் வந்தபோது மகன் தயங்கித் தயங்கி, ஊரில் இன்னும் இரண்டு பேர் அதே திரவத்தை வாங்கி வைத்திருப்பதாகவும், டாக்டர் திட்டுவார் என்று காட்ட அஞ்சுவதாகவும் சொன்னார். அவர்களுக்கும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் எங்கள் பிரிவினர் சார்பில் சொல்கிறோம்: யாரையும் திட்டமாட்டோம். கட்டு மாற்ற வரும் நாளில், வீட்டில் புண்ணுக்குப் பயன்படுத்தும் புட்டி, பொடி, தைலம், பச்சிலை எதுவாயினும் உடன் எடுத்து வாருங்கள். சீட்டுக் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள்.